மார்கழியில் அடகுக்கு வந்த தோடு

கேள்வி: ரம்மி ஆடுவது என் காசு, என் இஷ்டம். இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை? டாஸ்மாக்கைத் தானே நடத்திக்கொண்டு சீட்டாட்டத்தைத் தடுப்பது வேடிக்கையாக இல்லையா?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

பதில்: வேடிக்கைதான், மறுக்க மாட்டேன். அதற்காக இன்னொரு கடையையும் திறந்து வை என்று கேட்க முடியுமா தம்பி? அதை விடுங்கள். ‘என் காசு’ என்கிறீர்களே, அதுதான் எனக்கு இடிக்கிறது.

நான் வலங்கைமான் பக்கம் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 31 வருஷம் வேலை பார்த்தவன். பெரும்பகுதி நகைக்கடன் கவுன்டரில். எங்கள் பக்கத்தில் பயிருக்குப் போலவே நகைக்கும் பட்டம் உண்டு. சம்பாவுக்கு நாற்று விடும் ஆவணி, புரட்டாசியில் தோடும் சங்கிலியும் உள்ளே வரும். தை, மாசியில் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுப் பணம் வந்ததும் வெளியே போகும். எந்தப் பை எந்த வீட்டுப் பை என்று பிரிக்காமலே சொல்லிவிடுவேன்.

2020 வாக்கில் இந்தக் கணக்கு குழம்பியது. மார்கழியில் நகை வர ஆரம்பித்தது. பயிர் கதிர் வாங்கி நிற்கிற மாதம் அது. உரம் போட்டு முடிந்திருக்கும், அறுப்புக் கூலிக்கு இன்னும் நாள் இருக்கும். அந்த நேரத்தில் விவசாய வீட்டுக்கு அவசரப் பணம் எதற்கு? ஒரு பையன் அரைப் பவுன் தோடு ஒரு ஜோடி கொண்டுவந்தான். திருகாணியில் எண்ணெய்ப் பிசுக்குகூடப் போகவில்லை. “அம்மாவுக்கு உடம்பு சரியில்லை” என்றான். அவன் அம்மாவை அன்று காலையில்தான் பால் சொசைட்டியில் பார்த்திருந்தேன். ஆனால் அவன் உறுப்பினர். நகை தன்னுடையதுதான் என்று படிவத்தில் கையெழுத்தும் போட்டான். பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அந்த அம்மா வந்து நின்றார். காதில் வேப்பங்குச்சி. “சார், எவ்வளவு கட்டினால் கிடைக்கும்?” என்று மட்டும் கேட்டார். பையன் போனில் ரம்மி ஆடிய விஷயம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ‘என் நகை’ என்று அவன் எழுதிக் கொடுத்த படிவம் அப்போது என் மேஜை டிராயரில்தான் இருந்தது.

முன்பு மட்டும் ஆடவில்லையா என்பீர்கள். எங்கள் பெரியப்பா வெண்ணாற்றுப் படித்துறை மண்டபத்தில் ஆடாத நாளே கிடையாது. பதின்மூன்று சீட்டும் அவர் விரலில் விசிறி மாதிரி விரியும். ஆனால் அந்த ஆட்டத்துக்குத் தானாகவே சில தடைகள் இருந்தன. பொழுது சாய்ந்தால் சீட்டு தெரியாது. மடியில் இருந்தது தீர்ந்தால் எழுந்துதான் ஆக வேண்டும். இரண்டுக்கும் மசியாவிட்டால் பெரியம்மா வருவார், மண்டபமே கலையும். போனுக்குப் பொழுது சாய்வதில்லை. நெல் போட்ட பணம் இப்போது நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. நல்ல ஏற்பாடுதான், இடைத்தரகர் இல்லை. ஆனால் அந்தக் கணக்கும் ஆட்டமும் ஒரே போனில் இருக்கின்றன. பெரியம்மா பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பழைய தடைகளில் நாலைந்தைத் திருப்பிக் கொண்டுவந்து வைப்பதுதான் அரசாங்கத்தின் வேலை என்கிறேன். ஆளைத் திருத்துவது அதன் வேலை இல்லை, முடியவும் முடியாது. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு கொண்டுவந்த விதிகளில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு: நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆட உள்ளே நுழையக் கூடாது. ஆடித் தோற்றவனைப் பக்கத்திலிருந்து பார்த்த யாரோதான் இதை எழுதியிருக்க வேண்டும். விட்டதைப் பிடிக்கிற வெறி வருவதே அந்த நேரத்தில்தான். கம்பெனிகள் வழக்குப் போட்டன. ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் விதி செல்லும் என்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் பண ஆட்டத்தையே தடை செய்து சட்டம் போட்டது.

ரம்மி திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்று பல வருஷமாக வழக்கு நடக்கிறது. 2021-இல் தமிழகத் தடைச் சட்டம் ரத்தானதும் இந்த வாதத்தில்தான். பிறகு இதை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு போட்டது, 2022-இல் புதுச் சட்டம் வந்தது. 2023-இல் அந்தச் சட்டத்தில் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று சேர்த்த பகுதி செல்லாது என்றது உயர் நீதிமன்றம். எனக்கு இந்த வாதத்தில் அக்கறையே இல்லை. பெரியப்பாவுக்குத் திறமை ஏராளம். அந்தத் தைரியத்தில்தான் ஒன்றரை மா நிலம் போயிற்று.

அரசாங்கம் யோக்கியம் என்றும் சொல்ல மாட்டேன். 1968-இல் லாட்டரியைத் தொடங்கியதே தமிழக அரசுதான். ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்றார்கள். நானும் நாட்டுக்கு நிறையக் கொடுத்திருக்கிறேன். அதன்பின் வெளிமாநிலச் சீட்டு, ஒரு நம்பர், சுரண்டல் லாட்டரி என்று வரிசையாக வந்தன. பெயர் வைத்தவன் உண்மை பேசுகிறவன்! கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் மைக் வைத்துக் கூவுவார்கள், பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறை கையில் நிற்காது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தடை செய்தது. ஒழிந்ததா? இல்லை. கேரள அரசு லாட்டரி முடிவின் கடைசி மூன்று எண்ணை வைத்துத் துண்டுச் சீட்டு இன்னும் திருட்டுத்தனமாக ஓடுகிறது, போலீஸும் பிடித்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் இப்போது அதை வாங்க ஆளைத் தேடிப் போக வேண்டும், குரலைத் தாழ்த்திக் கேட்க வேண்டும். பஸ்ஸுக்கு நிற்கிறவனை அது தேடி வருவதில்லை. எனக்கு இந்த வித்தியாசம் போதும்.

கேள்வி: என் மகன் ஆன்லைன் ஆட்டத்தில் எண்பதாயிரம் விட்டுவிட்டான். கடனை அடைத்தால் திருந்துவானா? வெளியே சொன்னால் போலீஸ் வருமோ என்றும் பயம்.
– ஒரு தாய், பாபநாசம்

பதில்: தங்கச்சி, மொத்தத்தையும் ஒரே மூச்சில் அடைத்து மூடி மறைக்காதீர்கள். அப்படி அடைத்த மூன்று வீட்டு நகை மறுபடியும் என் கவுன்டருக்கே வந்தது. யாருக்கு எவ்வளவு என்று அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். கடன் ஆப்களில் வாங்கியிருந்தால் அதையும் சேர்த்து எழுதட்டும். சம்பளமோ நெல் பணமோ கொஞ்ச காலத்துக்கு உங்கள் கணக்குக்கு வரட்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பண ஆட்டம் நடத்துகிறவனுக்குத்தான் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அதன் குறி ஆடி ஏமாந்தவன் மேல் இல்லை. சட்டம் வந்ததும் பெரிய கம்பெனிகள் கடையைச் சாத்தின. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து நடத்துகிற ஆப்கள் இருக்கின்றன, அவன் போனை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. அவன் சாப்பிடாமல், பேசாமல் ஒடுங்கிக் கிடந்தால் திட்டுவதை நிறுத்துங்கள், தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கிற பூச்சிமருந்தைப் பங்காளி வீட்டுக்கு மாற்றுங்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். அரசின் மனநல உதவி எண் அது, காசு கிடையாது. அவன் பேச மறுத்தால் முதலில் நீங்கள் பேசுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் மொய் விருந்தும் ஒருவகைச் சூதாட்டம்தானே ஐயா?
– வாசகர், பேராவூரணி

பதில்: சூதாட்டத்தில் போட்ட பணம் எங்கே போனது என்று தெரியாது. உங்கள் ஊரில் மொய் நோட்டு இருக்கிறது, ஐந்து வருஷம் கழித்து வீடு தேடி வந்து கேட்பார்கள். அந்தக் கறிக்குழம்புக்காகவாவது ஆடி மாதம் ஒரு பத்திரிகை அனுப்புங்கள்.