சிலிக்கான் மெட்டல்: 553 போதுமா, 2202 வேண்டுமா?

கேள்வி: அலுமினிய வார்ப்படத் தொழிற்சாலை ஒன்றின் கொள்முதல் பிரிவில் பணிபுரிகிறேன். அலுமினியத்துடன் கலக்கும் சிலிக்கான் மெட்டலை 553, 441, 2202 என்று பல தரங்களில் விற்கிறார்கள். இந்த எண்களின் பொருள் என்ன? விலை கூடிய தரத்தை வாங்கினால் வார்ப்பின் தரமும் உயருமா?

பதில்: இந்த எண்கள் சிலிக்கானில் கலந்திருக்கக்கூடிய இரும்பு, அலுமினியம், கால்சியம் ஆகிய மாசுகளின் உச்ச வரம்பை அதே வரிசையில் குறிக்கின்றன. 553 என்றால் இரும்பும் அலுமினியமும் தலா 0.5 சதவீதத்தையும், கால்சியம் 0.3 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. நான்கு இலக்க எண்களில் கடைசி இரண்டும் கால்சியத்துக்குரியவை. ஆகவே 2202-இல் கால்சியத்தின் வரம்பு 0.02 சதவீதம்.

அலுமினியத்தில் கரையப்போகும் சிலிக்கானில் சிறிது அலுமினியம் இருப்பதால் கேடில்லை. அஞ்ச வேண்டியது இரும்புக்குத்தான். அது கலவையில் ஊசி வடிவப் படிகங்களாகத் திரண்டு, வார்ப்பை எளிதில் விரிசல் விடச் செய்யும். ஆயினும் கணக்கிட்டுப் பாருங்கள். கார் சக்கரங்கள் வார்க்கப் பயன்படும் ஏ356 என்ற அலுமினியக் கலவையில் சிலிக்கான் ஏறத்தாழ 7 சதவீதம். அது முழுவதையும் 553 தரத்திலேயே சேர்த்தாலும் அதன் வழியே வரும் இரும்பு அதிகபட்சம் 0.035 சதவீதம், 2202 என்றால் 0.014. அக்கலவையில் அனுமதிக்கப்படும் மொத்த இரும்போ 0.2 சதவீதம். எனவே, வாங்கும் அலுமினியக் கட்டிகளில் எவ்வளவு இரும்பு இருக்கிறது, உருகிய உலோகத்தில் தோயும் இரும்புக் கருவிகளுக்குப் பாதுகாப்புப் பூச்சு உண்டா என்பவற்றை முதலில் சரிபார்க்காமல் 2202-க்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண் செலவு என்றே கருதுகிறேன். பழைய அலுமினியத்தை உருக்கி வார்ப்பவர்களுக்கு 553 தாராளமாகப் போதும்.

தர எண்ணில் இடம்பெறாத பாஸ்பரஸையும் கவனியுங்கள். ஸ்ட்ரான்சியம் சேர்த்துச் சிலிக்கான் படிகங்களை நுண்மையாக்கும் ஆலைகளில் அது அந்த வேலையைக் கெடுக்கும். ஆய்வுச் சான்றிதழில் அதன் அளவையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: 1101 தரத்தில் இரும்பும் அலுமினியமும் தலா 0.1, கால்சியம் 0.01 சதவீதம்தான் என்றால், அதிலிருந்தே நேரடியாகச் சூரிய மின்தகடு செய்ய முடியாதா?

பதில்: முடியாது. மின்தகட்டுக்குரிய சிலிக்கானில் போரானும் பாஸ்பரஸும் மிக நுண்ணிய அளவில்தான் இருக்கலாம். உலையில் நிலக்கரி, மரக்கரி ஆகியவற்றைக் கொண்டு குவார்ட்ஸிலிருந்து பிரித்தெடுக்கும் சிலிக்கானில் அவை அதைவிடப் பன்மடங்கு இருக்கும். ஆகவே சிலிக்கானை ஹைட்ரஜன் குளோரைடுடன் வினைபுரியச் செய்து, ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் டிரைகுளோரோசிலேன் என்ற திரவமாக்கி, அதைத் திரும்பத் திரும்ப வாலைவடித்துத் தூய்மைப்படுத்துகிறார்கள். பிறகு ஹைட்ரஜனோடு அதன் ஆவியைச் செலுத்தி, சுமார் 1,100 டிகிரிக்குச் சூடேற்றிய சிலிக்கான் தண்டுகளின்மீது தூய சிலிக்கானைப் படியவைக்கிறார்கள்.