டொக்சிசைக்ளின் போடும் நாட்களில் இரும்புக் குளிசையும் பால் தேநீரும் சேரலாமா?

அம்மாவின் காய்ச்சலுக்கு டொக்சிசைக்ளின் கொடுத்திருக்கிறார்கள், வழக்கமான இரும்புக் குளிசையையும் அதோடு கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து சேர்த்துக் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் அப்படிச் செய்து மூன்று நாட்களை இழந்தோம்.

என் அம்மா அட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். உண்ணி கடித்துக் காய்ச்சல் வந்தது. மலையகத்தில் இது புதிதல்ல. டொக்சிசைக்ளின்தான் அதற்கு முதல் மருந்து. அம்மாவோ இரத்தச் சோகைக்கு இரும்பு, வயிற்றெரிவுக்கு ஒரு வெள்ளைக் குளிசை, கூடவே இந்தப் புது மருந்து என்று எல்லாவற்றையும் ஒரே பிடியாக வாயில் போட்டுப் பால் தேநீரால் விழுங்கினார். மூன்றாம் நாளும் உடம்பு அனலாய்க் கொதித்தது. "எதோடு குடித்தீர்கள்?" என்று ஒரு டாக்டர் கேட்ட பிறகுதான் விஷயம் விளங்கியது. நான் மருந்தாளராகப் படித்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

டொக்சிசைக்ளின் போன்ற டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் கிருமியை நேரடியாகக் கொல்வதில்லை, வளரவிடாமல் நிறுத்துகின்றன. கிருமி தனக்கு வேண்டிய புரதத்தை ரைபோசோம் என்ற தன் உள்தொழிற்சாலையில் கட்டுகிறது. கொழுந்து நிறுக்கும் தராசில் வேறொருவர் ஏறி நின்றுகொண்டால் அடுத்த சாக்கை வைக்க முடியுமா? இம்மருந்தும் அப்படித்தான், ரைபோசோமின் சிறிய பகுதியில் ஒட்டிக்கொண்டு அடுத்த அமினோ அமிலம் வந்து அமரும் இடத்தை மறித்துவிடுகிறது. மிச்சக் கிருமிகளை நம் உடலின் எதிர்ப்புச் சக்தி அழிக்கிறது. ஆகவே இரத்தத்தில் மருந்தின் அளவு குறையாமல் இருக்க வேண்டும்.

அதைக் குறைப்பவை இரும்பு, கல்சியம், மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம். குடலில் இவை மருந்தைப் பற்றிக்கொண்டு, உறிஞ்ச முடியாத கூட்டாக மாற்றிவிடுகின்றன. பழைய டெட்ராசைக்ளினைப் பாலோடு குடித்தால் பாதியளவு வீணாகும். டொக்சிசைக்ளினில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பாலைவிட இரும்பு மோசமானது. டொக்சிசைக்ளின் இரத்தத்திலிருந்து மீண்டும் குடலுக்குள் வந்துபோகும் மருந்து என்பதால், ஊசியாக ஏற்றினாலும் இரும்பு அதைக் குடலில் பிடித்துவிடும். நேரத்தைத் தள்ளிப் போட்டாலும் சிக்கல் முழுவதும் தீராது. இந்தச் சில நாட்களுக்கு இரும்பை நிறுத்தி வைக்கலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள். எங்கள் அம்மாவுக்கு அப்படித்தான் நிறுத்தினார்கள்; இரண்டு நாட்களில் காய்ச்சல் இறங்கியது. வயிற்றெரிவுக் குளிசைகளில் பெரும்பாலும் மக்னீசியமோ அலுமினியமோ கல்சியமோ இருக்கும் என்பதால், அதை இரண்டு மூன்று மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள்.

டொக்சிசைக்ளினை ஒரு பெரிய குவளைத் தண்ணீரோடு கொடுங்கள். விழுங்கியதும் படுக்க விடாதீர்கள். குளிசை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும். குமட்டினால் பாலில்லாத உணவோடு கொடுக்கலாம். மருந்து முடியும்வரை வெயிலில் மலைக்கு அனுப்பாதீர்கள், தோல் எளிதில் கருகும். கர்ப்பிணிகளும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் டாக்டர் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது. வளரும் பற்களில் டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் மஞ்சள் கறையாகப் படியக்கூடும். அங்கேயும் கல்சியத்தோடு சேர்வதுதான் காரணம்.

அம்மா வேறு மருந்து ஏதும் எடுக்கிறாரா? இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் போடுபவரானால் டொக்சிசைக்ளின் அதன் வேகத்தைக் கூட்டும். இரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். எல்லாக் குளிசை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, இன்றே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.