வாசகர் கேள்வி – பதில்: வேட்டை வில்லின் நாணை எப்போது மாற்றுவது?

கேள்வி: விஸ்கான்சினில் வசிக்கிறேன். இங்கே வில்லால் மான் வேட்டையாடும் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்குகிறது. 3 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய என் காம்பவுண்ட் வில்லின் நாணில் ஆங்காங்கே பிசிறு எழும்பியிருக்கிறது. மெழுகு பூசினால் போதுமா, அல்லது நாணையே மாற்ற வேண்டுமா?
– வாசகர், மேடிசன்

பதில்: பிசிறு தெரிகிறது என்பதற்காக மட்டும் நாணை மாற்ற வேண்டியதில்லை, பிசிறே இல்லை என்பதற்காக நாண் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடவும் கூடாது. இன்றைய நாண்கள் டைனீமா என்னும் செயற்கை இழையால், பெரும்பாலும் அதனுடன் வெக்ட்ரான் என்னும் இழையும் கலந்து, 20க்கு மேற்பட்ட புரிகளாக முறுக்கப்படுகின்றன. மெழுகு உலர்ந்தால் புரிகளின் மேற்புறத்தில் மெல்லிய நார்கள் எழும்பும். மெழுகைத் தடவி, விரல்களால் சூடு உண்டாகும்வரை தேய்த்து உள்ளே இறக்கினால் அவை படிந்துவிடும். ஒரு புரி முழுவதுமாக அறுந்திருந்தால் நிலைமை வேறு. அதன்பின் அந்த வில்லை ஒருமுறைகூட இழுக்கக் கூடாது.

கண்ணுக்குத் தப்பும் வெட்டுகளைக் கண்டறியச் சிறு பஞ்சு உருண்டையை நாணின் மீதும், கேபிள்கள் எனப்படும் துணைக் கயிறுகளின் மீதும் மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் நின்று பாருங்கள். வில்லின் முனைகளில் சுழலும் சக்கரமான கேமின் பள்ளத்திலும் அதே பஞ்சை ஓட்டுங்கள். அங்கே உலோகத்தில் சிறு பிசிர் இருந்தால், புது நாணையும் அது சில நாட்களில் அறுத்துவிடும்.

நான் மிகுந்த கவனத்துடன் பார்க்கச் சொல்வது, நாணின் மேல் சுற்றப்பட்டிருக்கும் காப்பு நூலை. சர்விங் எனப்படும் இந்தச் சுற்று, அம்பு பொருந்தும் நடுப்பகுதியிலும், நாணும் கேபிளும் கேமில் சுற்றிக்கொள்ளும் முனைப்பகுதிகளிலும் இருக்கும். அது விலகி உள்ளிருக்கும் புரி தெரியத் தொடங்கினால், ஒவ்வோர் இழுப்பிலும் கேம் அந்தப் புரியை நேரடியாக அரைக்கும். நடுப்பகுதிச் சுற்று மட்டும் தளர்ந்திருந்தால், கடையில் புதிதாகச் சுற்றித் தருவார்கள். கேமின் அருகே விலகியிருந்தால் மாற்றிவிடுவதே என் முடிவு. சர்விங்கின் மீது மெழுகு பூசாதீர்கள். அது சுற்றைத் தளர்த்தி நழுவச் செய்யும்.

அடுத்தது, நாண் நிரந்தரமாக நீண்டுபோவது. வெளியே எந்தச் சேதமும் இல்லாமலே இது நடக்கும். கேபிள்கள் நீண்டால், மேல் கேமின் அச்சுக்கும் கீழ் கேமின் அச்சுக்கும் இடையிலான தூரம் கூடும், இழுவிசை குறையும், இரு கேம்களும் ஒரே நேரத்தில் முழுமையாகத் திரும்பாமல் போகக்கூடும். முழுதாக இழுத்த நிலையில், குறிபார்க்க நாணில் பொருத்தியிருக்கும் பீப் துளை கண்ணுக்கு நேராக நிற்காமல் திரும்பிக்கொள்வதும் நாண் நீண்டதற்கான அடையாளம்தான். அச்சுகளுக்கு இடையிலான தூரத்தையும், பிடியின் உட்குழிவிலிருந்து நாண்வரையுள்ள தூரத்தையும் அளந்து, வில்லுடன் வந்த அளவுகளோடு ஒப்பிடுங்கள்.

பொதுவாக 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். நிறைய பயிற்சி செய்பவர்களுக்கு அதற்கு முன்பே தேவைப்படும். தங்கள் நாண் அந்த வயதை எட்டிவிட்டது. மாற்றுவதானால் பருவம் தொடங்குவதற்குப் பல வாரங்கள் முன்பே மாற்றிவிடுங்கள், ஏனெனில் புது நாண் சற்று நீண்டு அமைதியடையவும், அதன்பின் குறியை மறுபடி சரிசெய்யவும் அவகாசம் வேண்டும்.

கேள்வி: நாணை வீட்டிலேயே மாற்றலாமா?
– வாசகர், பென்சில்வேனியா

பதில்: தங்கள் வில்லுக்குப் பொருத்தமான வில் பிரெஸ் (வில்லை அழுத்திப் பிடித்து நாணின் இறுக்கத்தைத் தளர்த்தும் கருவி) இருந்தால் மாற்றலாம், இல்லாவிட்டால் கூடாது. காம்பவுண்ட் வில்லின் லிம்புகள், அதாவது வளையும் கைகள், ஓய்வு நிலையிலேயே பெரும் விசையோடு வளைந்து நிற்கின்றன. அந்த விசையைப் பிரெஸ் தாங்காதபோது நாணைக் கழற்ற முயன்றால், வில் சிதறி முகத்தையோ கையையோ தாக்கும். இன்றைய வில்கள் பலவற்றில் லிம்புகள் ஏறக்குறைய கிடைமட்டமாக இருப்பதால், லிம்பின் நுனிகளைப் பிடிக்கும் வகைப் பிரெஸ்தான் அவற்றுக்கு ஏற்றது.

நாணையும் கேபிள்களையும் ஒரே தொகுப்பாக மாற்றுங்கள். பழைய கேபிளோடு புது நாணைச் சேர்த்தால் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் நீளும். அவற்றின் நீளங்கள் பெரும்பாலும் லிம்பில் ஒட்டிய சீட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். கழற்றுமுன் இரு கேம்களையும் இருபுறமும் படம் எடுத்து, பீப், டி-லூப் (இழுப்பதற்காக நாணில் கட்டியிருக்கும் சிறு கயிற்று வளையம்) ஆகியவற்றின் இடத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால் எது எந்தப் பள்ளத்தில் போகிறது என்ற குழப்பம் வராது. எல்லா முனை வளையங்களும் தத்தம் முளைகளில் முழுதாக அமர்ந்திருப்பதைப் பார்த்த பிறகே பிரெஸ்ஸை மெல்லத் தளர்த்துங்கள். கேம்களின் நேரம் பொருந்தாவிட்டால் கேபிளில் அரை முறுக்காகக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம். அதற்கும் ஒவ்வொரு முறையும் பிரெஸ் வேண்டும். முதல் இழுப்பை இலக்கின் முன்னால், அம்பு பூட்டியே செய்யுங்கள். அம்பில்லாமல் நாண் விடுபட்டால், அம்பு ஏற்க வேண்டிய விசை முழுவதும் வில்லையே உடைக்கும்.

கேள்வி: கோடையில் வில்லைக் காரிலேயே வைத்திருக்கிறேன். நாண் கெடுமா?
– வாசகர், டெக்சாஸ்

பதில்: கெடும். டைனீமா உருகுவதற்கு ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் வேண்டும். மூடிய கார் அந்த அளவுக்குச் சூடாகாது. ஆனால் இழுவிசையில் இருக்கும் இந்த இழை, வெப்பம் ஏற ஏற வேகமாக நீளும் இயல்புடையது. சர்விங்கும் அதோடு விலகும். வில்லை வீட்டுக்குள் எடுத்துச் செல்லுங்கள். ஏற்கெனவே காரில் கிடந்த வில்லாயின், எய்வதற்கு முன் மேலே சொன்ன இரு அளவுகளையும் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.