குளிர்காலத்தில் பென்குயின்கள் எங்கே போகின்றன?
வாசகர் கேள்வி – பதில்

முட்டை, குஞ்சு, கூட்டம் என்று கரையில் இருக்கும் நாட்களைத்தான் எல்லாப் படங்களிலும் காட்டுகிறார்கள். மற்ற மாதங்களில் பென்குயின்கள் எங்கே இருக்கின்றன? – காரைக்குடி வாசகி

கடலில்தான். ஆனால் பருவத்துக்குப் பருவம் கடல் மாறும். குஞ்சுக்கு இரை ஊட்டும் வாரங்களில் தாயும் தந்தையும் முளையில் கட்டிய மாடு மாதிரி. கரையைச் சுற்றித்தான் மேய முடியும். அந்தக் கயிறு அறுந்தபின் அவை போகும் தூரத்தைக் கேட்டால் மலைப்பாக இருக்கும்.

இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் கெர்கெலன் என்ற பிரெஞ்சுத் தீவு இருக்கிறது. அங்குள்ள மக்ரோனி பென்குயின்கள் ஏப்ரலில் கடலில் இறங்கிக் கிழக்கே போகின்றன. அக்டோபர் வரை கரை ஏறுவதே இல்லை. உணவு, உறக்கம் எல்லாம் நீரின் மேல். அந்த ஆறு மாதத்தில் 10,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்திவிடுகின்றன.

அண்டார்க்டிக்காவின் ராஸ் கடலைச் சேர்ந்த அடேலி பென்குயின்களின் கணக்கு வேறு. அவை இரையைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பவை; தெற்கே மாதக்கணக்கில் சூரியன் எழாத இருளில் அவற்றால் வேட்டையாட முடியாது. அதனால் நண்பகலிலாவது கொஞ்சம் வெளிச்சம் விழும் அட்சரேகையைப் பிடித்துக்கொண்டு வடக்கே நகர்கின்றன. கடற்பனியும் கூடவே வடக்கே விரிகிறது: பிப்ரவரியில் சுமார் 30 லட்சம் சதுர கிலோமீட்டராக இருப்பது செப்டம்பரில் 1 கோடியே 80 லட்சத்தைத் தொடும். மிதக்கும் பனிப்பாளத்தில் ஓய்வு, விரிசல்களில் கிரில் (இறால் போன்ற சிற்றுயிர்) வேட்டை என்று குளிர்காலம் கழிகிறது. ஆண்டுக்குச் சராசரியாக 13,000 கிலோமீட்டர்; ஒரு பறவை 17,600 கிலோமீட்டர் போயிருக்கிறது.

எல்லா இனமும் இப்படி அலைவதில்லை. ஜென்டூ பென்குயின் பெரும்பாலும் சொந்தக் கரையோரத்திலேயே இருந்துவிடும்.

பென்குயினுக்கு மிகக் கடினமான பருவம் குளிர்காலம்தானே? – திருச்சி வாசகர்

பெரும்பாலான இனங்களுக்கு இல்லை. அவற்றின் ஆண்டை நிர்ணயிப்பது குளிரை விட இறகு உதிர்ப்புதான்.

மற்ற பறவைகள் பெரும்பாலும் இறகுகளைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்ளும். பென்குயின் மொத்த இறகையும் ஒரே மூச்சில் மாற்றுகிறது. இனத்தைப் பொறுத்து இரண்டு முதல் ஐந்து வாரம் ஆகும். அந்த நாட்களில் உடலில் நீர் புகும் என்பதால் கடலில் இறங்க முடியாது, இறங்காவிட்டால் உணவு இல்லை. புது இறகு வளர்க்க வேண்டிய புரதமும் உடலிலிருந்தே போகவேண்டும். ஆப்பிரிக்கப் பென்குயின் சுமார் மூன்று வாரத்தில் தன் எடையில் 40 சதவீதத்துக்கு மேல் இழக்கிறது.

ஆகவே கரை ஏறுமுன் கொழுத்தாக வேண்டும். ஆப்பிரிக்கப் பென்குயினுக்கு இதற்குக் கிடைப்பது ஐந்து வாரம் போல. அதற்குள் மத்தியும் நெத்திலியும் போதுமான அளவு கிடைக்காவிட்டால், பாதி உதிர்ந்த இறகோடு கரையிலேயே பட்டினியில் சாகும். பஞ்ச ஆண்டுகளில் இன்னொரு சிக்கலும் வரும். குஞ்சு மெதுவாக வளரும்; பெற்றோருக்கு இறகு உதிரும் நாள் நெருங்கிவிடும்; அவை குஞ்சைக் கைவிட்டுவிடும். தென்னாப்பிரிக்காவில் இப்படிக் கைவிடப்பட்ட குஞ்சுகளைக் கையால் வளர்த்துக் கடலில் விடுவது மீட்பு மையங்களின் வழக்கமான வேலையாகிவிட்டது.

நியூசிலாந்தின் ஃபியோர்ட்லாந்து பென்குயின் இதே கொழுப்பைச் சேர்க்க டிசம்பரில் கிளம்பி, எட்டுப் பத்து வாரத்தில் ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர் வரை சுற்றிவிட்டு வருகிறது. ஊர் திரும்பியதும் மறுபடி பட்டினி!

நடுக்கடலில் எந்த இடத்தில் மீன் இருக்கும் என்று எப்படித் தெரிகிறது? – கோவை வாசகி

கடல் மேலே பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே எல்லைகள் உண்டு. அண்டார்க்டிக்கிலிருந்து வரும் குளிர்ந்த நீர், வடக்கேயுள்ள வெதுவெதுப்பான நீரைச் சந்தித்துக் கீழிறங்கும் இடம் துருவ முகப்பு. அங்கே விளக்கு மீன்கள் எனப்படும், உடலில் ஒளிப்புள்ளிகள் கொண்ட சிறு மீன்கள் கூட்டமாகச் சேர்கின்றன. தென் இந்தியப் பெருங்கடலிலுள்ள க்ரோசே தீவுகளின் அரசப் பென்குயின்கள் கோடையில் 300 முதல் 500 கிலோமீட்டர் தெற்கே இந்த முகப்புக்குத்தான் போய் வருகின்றன. பகலில் மீன் ஆழத்துக்குப் போய்விடுவதால் அவையும் 100 மீட்டருக்குக் கீழே முக்குளிக்கின்றன.

முகப்பு இடம் மாறும் என்பதுதான் தொல்லை. 1997இல் கடல் வழக்கத்துக்கு மீறிச் சூடாகி முகப்பு தெற்கே தள்ளிப்போனது. போய்வரும் தூரம் கூடிற்று. க்ரோசேயில் ஆய்வுக்குட்பட்ட கூட்டத்தில் இனப்பெருக்கம் செய்யும் பறவைகள் 34 சதவீதம் குறைந்தன.

மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் அடையாளங்கள் ஏமாற்றவும் செய்யும். இளம் ஆப்பிரிக்கப் பென்குயின்கள் நீர் குளிர்ந்து, நுண்பாசி செறிந்த இடத்தைத் தேடிப் போகின்றன. நமீபியக் கரையோரம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அங்கே மத்தியை மனிதர்கள் எப்போதோ வாரி முடித்துவிட்டார்கள். இப்போது ஜெல்லிமீன்தான் மிச்சம். அடையாளம் சரி, இரை இல்லை. 2024இல் இந்தப் பென்குயின் இனம் அழியும் அபாயத்தின் உச்சநிலைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2025இல் தென்னாப்பிரிக்க நீதிமன்ற ஆணைப்படி ஆறு முக்கிய இனப்பெருக்க இடங்களைச் சுற்றி, மத்தி, நெத்திலி பிடிக்கும் வலைப்படகுகளுக்குப் பத்தாண்டுத் தடை வந்திருக்கிறது. கொஞ்சம் தாமதம்தான்.

கடற்பனி குறைவது நல்லதா, கெட்டதா? ஒவ்வொரு செய்தியும் ஒவ்வொன்று சொல்கிறது. – யாழ்ப்பாணம் வாசகர்

எந்த இனம், எந்த மாதம் என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

பேரரசப் பென்குயின் கரையோடு ஒட்டிய கடற்பனியின் மேல் மே, ஜூனில் முட்டையிடுகிறது. குஞ்சுக்கு நீர் புகாத இறகு முளைப்பது டிசம்பர் வாக்கில். அதுவரை பனி உடையக்கூடாது. 2022இல் அண்டார்க்டிக்காவின் பெல்லிங்ஸ்ஹாசன் கடலில் அதற்குமுன்பே உடைந்தது. அங்கு அறியப்பட்ட ஐந்து கூட்டங்களில் நான்கில் ஒரு குஞ்சும் தேறவில்லை.

அடேலி நிலத்தில் கூழாங்கல் கூடு கட்டுகிறது. அதற்குக் கோடையில் திறந்த நீர் பக்கத்தில் வேண்டும். 2017 தொடக்கத்தில் அண்டார்க்டிக்காவிலுள்ள பிரான்ஸின் டுமோன் டுர்வில் ஆய்வு நிலையத்தின் அருகே பனி அளவுக்கு மீறிப் பரந்துகிடந்தது. இரைக்கு வெகுதூரம் போன பெற்றோர் திரும்புவதற்குள் குஞ்சுகள் செத்தன. சுமார் 18,000 ஜோடிகளுக்கு மிஞ்சியவை இரண்டே குஞ்சுகள். இதே பறவைக்குக் குளிர்காலத்தில் பனிப்பாளம் இல்லாவிட்டாலும் திண்டாட்டம்தான்.

இவ்வளவு தூரத்தை எப்படி அளக்கிறார்கள்? – மதுரை மாணவர்

முதுகு இறகில் ஒட்டும் செயற்கைக்கோள் கருவி துல்லியமானது, ஆனால் இறகு உதிரும்போது அதுவும் விழுந்துவிடும். குளிர்காலப் பயணத்துக்குக் காலில் கட்டும் சில கிராம் எடையுள்ள ஒளிப்பதிவிதான் கைகொடுக்கிறது. அது வெளிச்சத்தையும் நேரத்தையும் மட்டும் பதியும். பகலின் நீளத்திலிருந்து அட்சரேகை, நண்பகல் எப்போது வந்தது என்பதிலிருந்து தீர்க்கரேகை. பிழை நூறு, இருநூறு கிலோமீட்டர் வரை வரலாம். மார்ச், செப்டம்பர் சமநாட்களை ஒட்டி உலகெங்கும் பகல் ஒரே நீளம் என்பதால் அட்சரேகைக் கணக்கு படுத்துவிடும். தவிர, பறவை திரும்பி வந்தால்தான் தரவு கிடைக்கும்.

முன்பு துடுப்பில் உலோகப் பட்டை மாட்டினார்கள். அரசப் பென்குயின்களைப் பத்தாண்டு கவனித்ததில், பட்டை மாட்டியவை 39 சதவீதம் குறைவாகக் குஞ்சு பொரித்தன. நீந்தும்போது பட்டை தண்ணீரில் தடையாகிறது. 2011இல் அந்த ஆய்வு வெளிவந்தபின், பட்டைப் பறவைகளை வைத்துச் செய்த பழைய ஆய்வுகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்கவேண்டும்.

நம் கடலுக்கு ஒன்றாவது வராதா? – தூத்துக்குடி வாசகர்

வராது. இடையே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு இரை குறைந்த வெதுவெதுப்பான நீர். நிலநடுக்கோட்டில் வாழும் ஒரே இனமான கலாபகஸ் பென்குயின்கூட ஆழத்திலிருந்து குளிர்ந்த குரோம்வெல் நீரோட்டம் மேலெழும் மேற்குக் கரையை நம்பித்தான் பிழைக்கிறது. 1982-83இல், பசிபிக் கடல் வழக்கத்துக்கு மீறிச் சூடாகும் எல் நினோவில் அந்த ஊற்று தளர்ந்தபோது 77 சதவீதம் மடிந்தன.

பிரேசில் கடற்கரையில் ஒதுங்கிய பென்குயினை ஐஸ் பெட்டியில் வைக்கும் காணொளி பார்த்தேன். சரியா? – சென்னை வாசகி

தவறு. அவை தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள படகோனியாவிலிருந்து நெத்திலியைத் தொடர்ந்து வடக்கே வரும் மெகல்லன் பென்குயின்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒதுங்குபவற்றில் பெரும்பாலானவை முதல் பயணம் வந்த இளம் பறவைகள். கொழுப்புக் கரைந்து உடல் சூடு குறைந்துதான் கரைக்கு வருகின்றன; ஐஸ் அவற்றைக் கொன்றுவிடும். மறுபடி கடலில் தள்ளுவதும் கூடாது. உலர்ந்த துணியில் சுற்றி, காற்றுப் புகும் அட்டைப் பெட்டியில் நிழலில் வைத்து, வாயில் எதுவும் ஊட்டாமல் மீட்புக் குழுவை அழைக்கவேண்டும். தூக்கும்போது அலகு முகத்துக்கு எட்டாதபடி பிடிக்கவேண்டும், கண்ணைத்தான் குறிவைக்கும்.