சின்ன எக்ஸ்பெடிஷன் கப்பலில் அண்டார்டிகா போனால் எப்படி இருக்கும்?

கசினோ, இரவு நடனம் எல்லாம் மனதில் இருந்தால் இது உங்களுக்கான கப்பல் இல்லை. பெரும்பாலும் அர்ஜென்டினாவின் உஷுவாயாவில் ஏறுவீர்கள், அங்கிருந்து தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே கிடக்கும் டிரேக் நீரிணையைக் கடக்க ஏறக்குறைய இரண்டு நாள், கடல் அமைதியாக இருந்தால் தூங்கிக்கொண்டே போகலாம், இல்லாவிட்டால் மேசையில் தட்டே நிற்காது. மாத்திரையைக் குமட்டல் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள், அப்புறம் போட்டுப் பெரிய பலன் இல்லை.

அந்த இரண்டு நாளும் சும்மா விடமாட்டார்கள். பறவை, திமிங்கிலம், பனிப்பாறை என்று வகுப்புகள். வெளியூர் விதை ஒன்றுகூடக் கரைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக உங்கள் ஜாக்கெட், பை, பாக்கெட் எல்லாவற்றையும் வாக்யூம் கிளீனரால் உறிஞ்சி எடுக்கச் சொல்வார்கள்.

கரைக்குப் போவது சுமார் பத்துப் பேர் உட்காரும் ரப்பர் படகில். ஒரு இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் இறங்கக் கூடாது, 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் இறக்கவே கூடாது. சின்னக் கப்பலுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் இருக்கும் நியாயமே இதுதான், 100 பேருக்குள் என்றால் முறைவைத்துக் காத்திருக்காமல் எல்லோரும் சேர்ந்து இறங்கலாம். பென்குயினிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் (அதுவே நடந்து வந்தால் அசையாமல் நில்லுங்கள்). அதன் எச்ச நாற்றம் எந்தப் படத்திலும் தெரியாது!

சரி, அட்டவணையை மட்டும் நம்பாதீர்கள். காற்று மாறினால் காலையில் சொன்ன இடம் மதியம் வேறாகிவிடும்.