வகுத்தால் கிடைக்காத ஹார்மோனிக் இம்பீடன்ஸ்

கேள்வி: ஆலைக்கு மின்சாரம் வந்து சேரும் இடத்தில் ஐந்தாவது, ஏழாவது ஹார்மோனிக்குகளின் (அடிப்படை அதிர்வெண்ணின் ஐந்து, ஏழு மடங்கில் வரும் அலைகள்) மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் மீட்டர் பதிவு செய்கிறது. அவற்றைக் குறைக்கும் ஃபில்டரை வடிவமைக்க கிரிட்டின் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் மொத்த எதிர்ப்பு) வேண்டும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு மதிப்பு வருகிறது. சில நேரம் மின்தடையே எதிர்மறையாக வருகிறது. மீட்டர் பழுதா?

பதில்: மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது; வகுத்த முறையில்தான் சிக்கல். உங்கள் டிரைவ்களும் ரெக்டிஃபயர்களும் ஹார்மோனிக் மின்னோட்டத்தை உண்டாக்குகின்றன. மற்றவர்கள் உண்டாக்கிய ஹார்மோனிக் மின்னழுத்தமும் கிரிட்டில் ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் அளப்பது இரண்டும் கலந்தது. அதை அப்படியே வகுத்தால் வரும் எண் எந்தப் பக்கத்தின் இம்பீடன்ஸும் அல்ல.

வகுக்க வேண்டியது மாற்றங்களை. உங்கள் பக்கம் ஏதோ மாறி, கிரிட்டின் பின்னணி ஹார்மோனிக் அந்த நேரம் அப்படியே நின்றால், முன்னதைப் பின்னதிலிருந்து கழிக்கும்போது பின்னணி விழுந்துவிடும். கிரிட்டிலிருந்து ஆலைக்குள் பாய்வதை நேர்த்திசை என்று வைத்துக்கொண்டால், மின்னழுத்த மாற்றத்தை மின்னோட்ட மாற்றத்தால் வகுக்கும்போது மின்தடை எதிர்மறையாக வரும்; குறியை மாற்றினால் அதுதான் கிரிட்டின் இம்பீடன்ஸ். மாற்றம் கிரிட் பக்கம் பிறந்திருந்தால் மின்தடை நேர்மறை. அப்போது நீங்கள் கணக்கிட்டது உங்கள் ஆலையையே. பழுது என்று சந்தேகித்த அந்தக் குறிதான் மாற்றம் எந்தப் பக்கத்தது என்று காட்டிக்கொடுக்கிறது.

இயல்பான ஏற்ற இறக்கங்களுக்காகக் காத்திருந்தும் இதைச் செய்யலாம். ஆனால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் மாறினால் விடை கெடும். மாற்றம் சிறிதானால் இரைச்சல்தான் மிஞ்சும். என் பரிந்துரை, உங்கள் கெபாசிட்டர் பேங்க்கை (படிப்படியாக இணைக்கக்கூடிய கெபாசிட்டர் தொகுப்பு) நீங்களே இணைத்தும் துண்டித்தும் அளப்பதுதான். எப்போது, எந்தப் பக்கம் மாறியது என்பதில் ஐயமே இருக்காது. அதற்கு முன் ஒரு சிறு கணக்கு: கிரிட்டின் ஷார்ட் சர்க்யூட் திறனை (அந்த இடத்தில் ஷார்ட் சர்க்யூட் ஆனால் கிரிட் தரக்கூடியது) கெபாசிட்டரின் திறனால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். 150 மெகாவோல்ட்-ஆம்பியர், 3 மெகாவார் என்றால் 7.07 வரும், ஏழாவது ஹார்மோனிக்கிலேயே ஒத்ததிர்வு, அதாவது கிரிட்டும் கெபாசிட்டரும் சேர்ந்து அதைப் பெருக்கும் நிலை. அப்படியிருந்தால் அந்தப் படியை இணைத்துச் சோதிக்காதீர்கள், வேறு படியைத் தேர்ந்தெடுங்கள்.

பெரும்பாலான அளவீடுகள் வீணாவது ஃபேஸ் கோணத்தில், அதாவது அலை தன் சுழற்சியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதில். பத்து நிமிடச் சராசரியில் அளவு மட்டுமே மிஞ்சும், கோணம் இருக்காது. அதனால் அலைவடிவத்தையே சேமியுங்கள். ஐ.இ.சி. 61000-4-7 சொல்லும் பத்துச் சுழற்சிச் சாளரம், அதாவது 50 ஹெர்ட்ஸில் 200 மில்லிவினாடி, போதும். அதிர்வெண் 0.02 ஹெர்ட்ஸ் விலகினாலே, ஒரு வினாடி இடைவெளியில் அடிப்படை அலை 7.2 பாகையும் ஐந்தாவது ஹார்மோனிக் 36 பாகையும் நகர்ந்துவிடும். திருத்தாமல் கழித்தால் இல்லாத மாற்றம் இருப்பதாகத் தெரியும். அடிப்படை மின்னழுத்தத்தின் கோணத்தை ஐந்தால் பெருக்கிக் கழிப்பது வழக்கம். கெபாசிட்டர் இணையும்போது அந்தக் கோணமே சற்று அசையும். அந்த அசைவும் ஐந்து மடங்காகும். ஆகவே இணைப்புக்கு முன்பிருந்த அதிர்வெண்ணை நுட்பமாகக் கணித்து, அதைக்கொண்டே கோணத்தை இணைப்புக்குப் பிந்தைய நேரத்துக்கு நீட்டிப் பாருங்கள்.

மின்னழுத்தத்தை எதிலிருந்து எடுக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். கெபாசிட்டர் வகை வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர் ஹார்மோனிக்குகளை நம்பத்தகுந்த விதத்தில் காட்டாது. நேரடி மின்தடைப் பகுப்பி இருந்தால் அதுவே மேல். மூன்று ஃபேஸ்களையும் தனித்தனியாக வகுக்காமல் சீக்வென்ஸ் கூறுகளாக (மூன்று ஃபேஸ்களும் சுழலும் வரிசைப்படி பிரித்த பகுதிகள்) பிரியுங்கள்; சமநிலையான அமைப்பில் ஐந்தாவது எதிர்மறை சீக்வென்ஸ், ஏழாவது நேர்மறை.

கிரிட்டின் ஷார்ட் சர்க்யூட் ரியாக்டன்ஸை (இம்பீடன்ஸில் மின்தடை நீங்கலான பகுதி) ஐந்தால், ஏழால் பெருக்கி வரும் எண்ணை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிரிட்டில் கேபிள்களும் பிறரின் கெபாசிட்டர்களும் இருந்தால் உண்மை மதிப்பு அதிலிருந்து வெகுவாக விலகும். அளக்கச் சொல்வதே அதற்காகத்தான்.

சோதனையை உச்சச் சுமையிலும் குறைந்த சுமையிலும், கிரிட்டின் இணைப்பு அமைப்பு மாறும் ஒவ்வொரு நிலையிலும் செய்து, ஒவ்வொன்றின் அருகிலும் நேரத்தையும் எந்த ஃபீடர் இணைந்திருந்தது என்பதையும் எழுதிவையுங்கள். ஃபில்டர் வடிவமைப்பவரிடம் ஒற்றை எண்ணைத் தராதீர்கள். மின்தடை, ரியாக்டன்ஸ் தளத்தில் உங்கள் புள்ளிகள் எல்லாம் அடங்கும் பரப்பைத் தாருங்கள். அந்தப் பரப்பின் எந்த மூலையிலும் ஒத்ததிர்வு வராதபடி அவர் வடிவமைக்க வேண்டும்.