மூன்று மணி நேரத் தூக்கம் போதும் என்கிறீர்களே!

கேள்வி: எனக்கு வயது 36. பகல் குறுகி வானம் மூடிக்கொள்ளும் மாதங்கள் வந்தாலே ஆளே மாறிவிடுகிறேன். பத்து மணி நேரம் தூங்கியும் அசதி. இனிப்பைக் கண்டால் கை நிற்பதில்லை, நாலைந்து கிலோ ஏறிவிடுகிறது. யாரோடும் பேசப் பிடிப்பதில்லை. முடி கொட்டுகிறது, மூட்டு வலிக்கிறது. இணையத்தில் ஒரு கேள்வித்தாளை நிரப்பியதில் 'தீவிரப் பருவகால மனச்சோர்வு' என்று வந்தது. வைட்டமின் டி, தூக்கத்துக்கு மெலடோனின் இரண்டும் எடுக்கிறேன், பகல் வெளிச்சம் போல ஒளிவிடும் ஒளிப்பெட்டியும் வாங்கிவிட்டேன். இதே பிரச்சினைக்கு என் தோழி சாப்பிடும் மாத்திரையை நானும் தொடங்கலாமா? வெயில் திரும்பிவிட்டால் எனக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று மணி நேரம் தூங்கினால் போதும், மரம் செடியெல்லாம் என்னோடு பேசுவது போல இருக்கும். போன வருடம் அந்த வேகத்தில் மூன்று படிப்புகளுக்குப் பணம் கட்டினேன், ஒன்றையும் முடிக்கவில்லை. 'நீ ரொம்பப் பேசுகிறாய்' என்று என் கணவர்தான் குறை சொல்கிறார். என் சித்தப்பா மனநோயால் பல வருடம் மருத்துவமனையில் இருந்தவர். எனக்கும் அப்படி ஆகிவிடுமோ?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தோழியின் மாத்திரையைத் தொடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

நீங்கள் அனுப்பிய முழுக் கடிதத்தில் இருட்டு மாதங்களுக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். வெயில் மாதங்களுக்கு நாலே வரி. அந்த நாலு வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு அசதியே இல்லாமல் எழுந்து, நாள் முழுக்க ஓடி, மறுநாளும் அதே மூன்று மணி நேரம் என்றால், அதை உடல்நலம் என்று எடுத்துக்கொள்ள ஒரு மருத்துவருக்கு மனம் வராது.

தூக்கம் வராமல் தவிப்பது வேறு, தூக்கமே தேவைப்படாமல் போவது வேறு. முதல் வகைக்காரர் காலையில் முகம் வாடி வந்து என் முன்னால் உட்காருவார். 'எப்படியாவது தூங்க வையுங்கள் டாக்டர்' என்பார். இரண்டாம் வகைக்காரர் வரவே மாட்டார். அவரை யாராவது கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

அப்படிக் கூட்டி வரப்பட்ட ஒரு ஆசிரியரை இன்னும் மறக்கவில்லை. இரவு இரண்டு மணிக்குச் சமையலறை அலமாரிகளை எல்லாம் கழற்றிக் கூடத்தில் பரப்பி வண்ணம் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். தொடர்ந்து ஐந்தாவது இரவு. காலையில் என்னிடம் வந்தபோதும் நகக் கண்ணில் பச்சை வண்ணம் காய்ந்து போயிருந்தது. சிரித்த முகம், நிறுத்தாத பேச்சு. தூங்காதவர் அவர்தான், ஆனால் கண் சிவந்திருந்தது அவருடைய மனைவிக்கு. இதில் எனக்கு உறுத்துவது என்னவென்றால், அதற்கு முந்தைய இருட்டு மாதங்களில் அவருக்கு மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுத்தவன் நான். 'வெயில் காலத்தில் எப்படி இருப்பீர்கள்' என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நன்றாக இருக்கும் மாதத்தைப் பற்றி டாக்டரிடம் யார் பேசுகிறார்கள்? அன்றிலிருந்து பருவம் மாறினால் மனம் சரியில்லை என்று யார் வந்தாலும் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்.

இப்படித் தூக்கம் குறைந்து, பேச்சும் செலவும் திட்டங்களும் கூடி, அது குறைந்தது நான்கு நாளாவது நீடித்து, வீட்டில் இருப்பவர் கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு ஆள் மாறினால் அதற்கு ஹைப்போமேனியா என்று பெயர். ஒரு வாரமாவது நீடித்து வேலையையும் வீட்டையும் குலைத்துப் போட்டால் மேனியா. இரண்டில் எதுவானாலும், இருட்டு மாதங்களில் வரும் சோர்வோடு சேர்த்துப் பார்த்தால், யோசிக்க வேண்டியது பைபோலார் என்கிற இருதுருவ மனநிலைக் கோளாறை. உங்களுக்கு அதுதான் என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் அது இல்லை என்று உறுதியாகும் வரை நீங்களாக எந்த மனநல மாத்திரையும் தொடங்கக் கூடாது என்பதை மட்டும் அடித்துச் சொல்வேன். பைபோலார் உள்ளவருக்கு மனநிலையைச் சீராக வைக்கும் மருந்து இல்லாமல் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால், பள்ளத்திலிருந்து தூக்கிவிடுவதற்குப் பதில் ஒரேயடியாக உச்சிக்கு ஏற்றிவிடும் ஆபத்து உண்டு. மூலிகைதானே என்று செயின்ட் ஜான்ஸ் வோர்ட் வாங்கிச் சாப்பிடுவதும் அதே கதைதான்; போதாக்குறைக்குக் கருத்தடை மாத்திரையின் வேலையையும் அது கெடுக்கும்.

இணையக் கேள்வித்தாளைப் பற்றி ஒரு வார்த்தை. பருவகால மனச்சோர்வு என்பதற்கு மருத்துவ உலகில் ஒரு பெயரும் இடமும் வாங்கிக் கொடுத்தது 1984-இல் நார்மன் ரோசென்தால் குழுவினர் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்திலிருந்து வெளியிட்ட கட்டுரை. அதில் இருந்தவர்கள் 29 பேர். அதிகத் தூக்கம், அதிகப் பசி, மாவுச்சத்தின் மேல் ஆசை என்று நீங்கள் எழுதியிருப்பது அப்படியே அதில் இருக்கிறது. கூடவே இன்னொன்றும் இருக்கிறது: அந்த 29 பேரில் பெரும்பாலோருக்கு இருந்தது பைபோலார் வகை. பிறகு வந்த ஆய்வுகளில் அந்தப் பங்கு குறைந்தது உண்மைதான். ஆனால் நீங்கள் நிரப்பிய கேள்வித்தாள் உங்களை ஒரு தடவையாவது கேட்டதா, 'வெயில் வந்தால் பேச்சும் செலவும் எல்லை மீறுகிறதா' என்று? கேட்டிருக்காது. அரை நோயைக் கேட்டுவிட்டு முழு நோய்க்குப் பெயர் வைக்கிற வேலை அது.

அடுத்து சித்தப்பா. கடிதத்தின் கடைசி வரியில் வந்தாலும் உங்களை எழுத வைத்தவர் அவர்தான் என்று நினைக்கிறேன். மனநிலைக் கோளாறுகள் குடும்ப வழியில் வரும் வாய்ப்பு உண்டு, அதை மறைக்க மாட்டேன். அதற்காக உறவில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கு வந்தே தீரும் என்று எழுதி வைத்திருக்கவில்லை. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ பைபோலார் இருந்தால்கூடப் பெரும்பாலானோருக்கு அது வருவதில்லை. சித்தப்பா அதைவிட ஒரு படி தள்ளிய உறவு. நீங்கள் செய்யக்கூடிய உருப்படியான காரியம் ஒன்று இருக்கிறது. வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள்: அவருக்கு என்ன மருந்து கொடுத்தார்கள், அந்த மருந்துக்காக அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்களா? 'ஆமாம், எடுப்பார்கள்' என்றால் அது மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியமாக இருக்கலாம். ரத்தத்தில் அதன் அளவு கொஞ்சம் குறைந்தால் பலிக்காது, கொஞ்சம் கூடினால் நஞ்சு. அதனால்தான் அந்தப் பரிசோதனை. மேனியாவுக்கு அது உதவும் என்று 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எழுதினார், இன்றுவரை அதை ஓரங்கட்ட முடியவில்லை. சித்தப்பாவுக்கு என்ன பலித்தது என்ற செய்தி உங்களைப் பார்க்கப் போகும் மருத்துவருக்குத் தங்கம் மாதிரி. நோயைச் சரியாகக் கண்டுபிடித்து, மருந்தை விடாமல் எடுத்து, வேலைக்குப் போய், பிள்ளைகளை வளர்த்து, பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் உங்களுக்குத் தெரிந்த ஒரே உதாரணமாகச் சித்தப்பா நிற்கிறார்.

சரி, இருட்டு மாதச் சோர்வு பொய்யா? இல்லவே இல்லை. விளக்குப் போட்ட வீட்டுக்குள் உங்கள் கண்ணுக்குக் கிடைப்பது 100 முதல் 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம். மேகம் மூடிய பகலிலும் வெளியே ஆயிரக்கணக்கில் கிடைக்கும். நேர் வெயிலில் 1,00,000 வரை போகும். பார்வை உடனே பழகிவிடுவதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. ஆனால் விழித்திரையில் உருவம் பார்ப்பதைவிட வெளிச்சத்தை அளப்பதே முதல் வேலையாகக் கொண்ட செல்கள் சில உண்டு. 2002-இல்தான் அவை வெளிச்சத்துக்கு நேரடியாகப் பதில் சொல்வது நிரூபணமானது. அவை மூளையின் உடல் கடிகாரத்துக்கு 'விடிந்துவிட்டது' என்று செய்தி அனுப்புகின்றன. செய்தி மங்கலாகப் போனால் கடிகாரம் பின்தங்கும். உடம்பு எழுந்த பிறகும் உள்ளே இரவு முடியாமல் இருக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்கிறவருக்குப் பகல் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 12 மணி நேரம்தான். வடக்கே 60 பாகைக்குப் போனால் குளிர்காலத்தில் 6 மணி நேரத்துக்கும் குறைவு, கோடையில் 19 மணி நேரத்தை நெருங்கும். அங்கே மனம் பருவத்தோடு ஏறி இறங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஒளிப்பெட்டி மோசடிச் சாமான் ஒன்றும் இல்லை. பருவகாலச் சோர்வுக்கு 10,000 லக்ஸ் பெட்டியின் முன் காலையில் எழுந்தவுடன் அரை மணி நேரம் உட்காருவது ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சைதான். நீங்கள் செய்திருப்பது என்ன? வேலை முடிந்து வந்து இரவு எட்டு மணிக்கு மேல் இரண்டு மணி நேரம்! பின்தங்கிய கடிகாரத்தை இன்னும் பின்னால் தள்ளிவிட்டு, அது போதாதென்று தூங்குவதற்கு மெலடோனின். ஒரு கையால் இழுத்து மறு கையால் தள்ளுகிறீர்கள். வெயில் திரும்பிய பிறகும் 'நன்றாக வேலை செய்கிறதே' என்று பெட்டியை நிறுத்தவில்லை என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது என்பது இதுதான். ஒளியும் ஒரு மருந்து. பைபோலார் சந்தேகம் இருக்கும் இடத்தில் அதுவும் மேலே ஏற்றிவிடலாம். அப்படிப்பட்டவர்களுக்கு மருந்தின் காப்போடு, காலையில் கொடுக்காமல் நண்பகலில், குறைந்த நேரத்தில் தொடங்கிப் பார்ப்பார்கள். அதுவரை பெட்டியை அலமாரியில் வையுங்கள். மெலடோனினையும் நிறுத்துங்கள்.

முடி: பருவம் மாறும்போது கொஞ்சம் கூடுதலாகக் கொட்டும், விடுங்கள். மூட்டு: வீக்கமோ காலையில் நெடுநேர விறைப்போ இல்லாவிட்டால் அதையும் விடுங்கள். வைட்டமின் டி மனச்சோர்வைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை; அதிக அளவு மாத்திரையை வாரம் ஒன்று என்று ஒரு வருடமாக அளந்து பார்க்காமல் விழுங்கியிருக்கிறீர்கள், ஆகவே ரத்தத்தில் கால்சியத்தைப் பார்த்துவிட வேண்டும். கூடவே தைராய்டு. அது குறைந்தால் உங்கள் இருட்டு மாதத்தைப் போலவும், கூடினால் உங்கள் வெயில் மாதத்தைப் போலவும் வேடம் கட்டும்.

மரம் செடி பேசுவது போல இருப்பதைப் பற்றித் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். நீண்ட மேகமூட்டத்துக்குப் பிறகு வெயில் பட்ட இலையைப் பார்த்து மனம் பொங்குவது நோய் என்றால், முதல் மழைக்கு ஜன்னலைத் திறக்கிற எல்லோரும் நோயாளிகள்தான். அந்த மகிழ்ச்சியை உங்களிடமிருந்து யாரும் பிடுங்கப் போவதில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: அந்த மரத்தடியில் அரை மணி நேரம் சும்மா உட்கார முடிந்ததா? முடிந்தது என்றால் எனக்கும் சந்தோஷம். ஐந்து நிமிடத்தில் எழுந்து, அந்த மரத்தைப் பற்றி நாலு பேருக்குத் தொலைபேசியில் பேசி, தோட்டக்கலைப் படிப்புக்குப் பணம் கட்டினீர்கள் என்றால், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மரம் உண்மையிலேயே குரல் கொடுத்துப் பேசியது, உங்களுக்கு மட்டும் ஒரு செய்தி சொன்னது என்றால் தள்ளிப்போடாமல் அன்றைக்கே சொல்லுங்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இருட்டு மாதங்கள் கழிந்துவிட்டால் ஆபத்து கழிந்துவிட்டது என்று நினைக்கிறோம். தற்கொலைகள் குளிர்காலத்தைவிட வெப்ப மாதங்களில்தான் அதிகம் என்று பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1897-இலேயே புள்ளிவிவரத்தோடு எழுதினார். பல நாடுகளின் பதிவுகளில் உச்சம் வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் விழுகிறது. காரணம் முழுதாகப் பிடிபடவில்லை. ஆனால் மனம் இன்னும் இருட்டில் கிடக்கும்போதே உடம்புக்கு மட்டும் வேகம் திரும்பிவிடும் அந்த இடைவெளி ஆபத்தானது என்பது எங்கள் அனுபவம். பருவம் திரும்பும் வாரங்களில் எரிச்சலும் பரபரப்பும் அழுகையும் ஒன்றாக வந்தால், அல்லது செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், முன்பதிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். கணவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அது எதுவும் இல்லையென்றால், இரண்டு வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இருட்டு மாதம் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். தனியாகப் போகாதீர்கள், கணவரையும் அழைத்துப் போங்கள். ஹைப்போமேனியா வந்தவர் அதை நோய் என்று பெரும்பாலும் உணர்வதில்லை, பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். 'நீ ரொம்பப் பேசுகிறாய்' என்று அவர் சொன்னதைக் குறையாக எடுத்துக்கொண்டீர்கள். எத்தனை நாள் அப்படிப் பேசினீர்கள், இரவு எத்தனை மணிக்கு அவர் விழித்தபோது பக்கத்தில் நீங்கள் இல்லை, எந்த மாதத்தில் தொடங்கியது என்று அவரை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து திருத்த வேண்டாம். அந்தத் தாளையும் மூன்று படிப்புகளுக்குப் பணம் கட்டிய ரசீதுகளையும் தேதியோடு எடுத்துப் போங்கள்.